கம்பத்தடியில் நிற்காதவள்

சின்னக்கண்ணு அக்கா எங்கள் தெருவுக்குள் நுழைவதற்கு முன், முனையில் இருக்கும் விளக்குக் கம்பத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவாள். பலமாக இல்லை, மாட்டின் முதுகில் தட்டுவதுபோல. பிறகு தோல் பையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டு நடப்பாள். பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறேன். மழை நாளில் குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாவது தட்டாமல் வரமாட்டாள். கம்பத்தில் ஏதோ சாமி இருக்கிறது என்று நினைத்து ஒரு பெரியவர் அதற்குக் குங்குமம் வைத்தார். அக்கா அதை முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் தட்டினாள்.

அவள் எங்கள் ஊருக்குத் தபால் கொண்டு வருகிறவள். பள்ளத்தூரிலிருந்து மூன்று மைல் தள்ளி இருக்கும் ஊர் எங்களுடையது. காலை பஸ்ஸில் தபால் பை வந்து இறங்கும். அவளுக்கு முன் அந்தப் பையைச் சுமந்தவர் அவள் புருஷன் முத்துக்கருப்பன். 1965 ஐப்பசியில், மழைக்குள் சைக்கிளில் வந்தவரை ரோட்டில் ஒரு லாரி அடித்துப் போட்டுவிட்டது. காரைக்குடிக்குத் தூக்கிப் போனார்கள். உயிர் வழியிலேயே போய்விட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் அக்கா அரை நாள் உட்கார்ந்திருந்தாள். உடம்பைக் கேட்டால், "போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சாத்தான் தருவோம்" என்றார்கள். போஸ்ட்டு என்றால் அவளுக்குத் தபால்தான். புருஷன் போஸ்ட்டு வேலை பார்த்தவர். சர்க்கார் தன் ஆளுக்குச் செய்கிற சடங்கு என்று எண்ணிக்கொண்டாள். மாலையாவது போடுவார்கள் என்று காத்திருந்தாள். கடைசியில் வாசலில் நின்ற ஆளிடம் கேட்டேவிட்டாள்: "தபால் ஆளுகளுக்கு மட்டுந்தானா, இல்ல எல்லாருக்கும் செய்வீகளா?"

அந்த ஆள் சிரித்துவிட்டான். பக்கத்தில் இருந்தவனையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தான்.

"லாரிக்காரனைக்கூட மன்னிச்சுட்டேன் புஷ்பம். அவன் பிரேக்கு புடிக்கப் பாத்தான். இவன் சிரிச்சானே, அதை மன்னிக்கலை" என்று பின்னால் என்னிடம் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடும் பழக்கம் அன்றோடு அவளுக்குப் போயிற்று.

கருமாதி முடிந்த மறுநாள் காலையில் அவள் தபாலாபீஸில் போய் நின்றாள். அவர்கள் பக்கத்தில் புருஷன் செத்தால் மூன்று மாதமாவது மூலையில் உட்கார வேண்டும். வெளியே வந்தாலும் விடிவதற்கு முன் வந்து போய்விட வேண்டும். இவள் வெயில் ஏறிய பிறகு, தெரு நடுவில் நடந்து போனாள். தபாலாபீஸ் என்பது பள்ளிக்கூட வாத்தியார் சத்தியமூர்த்தி சார் வீட்டு முன்னறைதான். தபாலையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். அவருக்கு அப்போது முப்பது வயது இருக்கும். எதற்கும் பதறுகிற மனிதர்.

"போஸ்ட்டு வேற யாருக்கும் போயிருச்சா சார்?"

"எந்தப் போஸ்ட்டும்மா? இன்னிக்குப் பை இன்னும் பிரிக்கலையே."

"பையைச் சொல்லலை. அவரு பாத்த வேலையைச் சொல்றேன்."

சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். "நீ எப்படிம்மா? தெருத் தெருவாப் போகணும். எல்லா வீட்டு வாசல்லயும் நிக்கணும்."

"வாசல்ல நிக்கக் காலு போதும் சார். எழுதப் படிக்கவும் தெரியும். அவரு அடுக்குனா நான்தான பிரிச்சுக் குடுப்பேன், தெரு வாரியா."

அது உண்மை. புருஷன் சாப்பிடும் நேரத்தில் அவள்தான் கடிதங்களைப் பிரித்து வைப்பாள். இங்கிலீஷ் விலாசத்தைக்கூட எழுத்தின் வடிவத்தைப் பார்த்து எந்த வீடு என்று சொல்லிவிடுவாள். சார் மேலே எழுதிப் போட்டார். இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. 'தற்காலிகமாக' என்று போட்டு.

ஊர் சும்மா இருக்கவில்லை. வெறும் நெற்றியோடு ஒருத்தி காலையில் எதிரே வந்தாலே திரும்பி வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுகிற ஊர் இது. இவளோ தினமும் ஒவ்வொரு வாசலாக வந்து பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறாள். "தபாலோட சேர்த்து அதையும் கொண்டாந்து குடுப்பா" என்று குளத்துப் படித்துறையில் கேலி பேசினார்கள். அவள் காதில் விழும்படியே பேசினார்கள். "எதைக் குடுக்கிறதுன்னாலும் கையெழுத்து வாங்கிட்டுத்தான் குடுப்பேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் குடத்தை முக்கினாள்.

பெரும்பாலான வீடுகள் ஒரு மாதத்தில் பழகிவிட்டன. மகனிடமிருந்து கடிதம் வருமா என்று வழிபார்க்கிறவர்களுக்கு நெற்றி எப்படி இருந்தால் என்ன? பழகாத ஒரு வீடு, சாலா ஆச்சி வீடு. நான் அப்போது அங்கேதான் அடுப்படியில் கூடமாட வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆச்சியின் வீட்டுக்காரர், எல்லோரும் அப்பச்சி என்று சொல்வோம், பினாங்கில் இருந்தார். மூத்த பெண் சீதைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் அதிகம் கடிதம் வரும் வீடு அதுதான்.

முதல் நாளே ஆச்சி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "அவளை அங்குட்டே, கம்பத்துக்கிட்டயே நிக்கச் சொல்லு. நீ போயி வாங்கிக்கிட்டு வா. கல்யாணம் பேசுற வீடு."

நான் போய்ச் சொன்னேன். எனக்கு யாரிடமும் எதையும் உரக்கச் சொல்ல வராது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அக்கா ஆச்சியின் வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உன் வேலையும் வேலைதான். குடுத்துட்டுப் போறேன். ஆனா இது எத்தனை நாளைக்குன்னு நான்தான் சொல்லுவேன்."

இப்படித்தான் நானும் அவளும் தினமும் அந்தக் கம்பத்தடியில் சந்தித்துக்கொண்டோம். அங்கேதான் போஸ்ட்டு என்ற அந்தச் சொல்லைப் பற்றியும் பேச்சு வந்தது. "இதுக்கும் லைட் போஸ்ட்டுன்னுதான பேரு? இதுக்கும் கடுதாசிக்கும் என்ன ஒட்டு?" என்று ஒரு நாள் கம்பத்தைக் காட்டிக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவள் நான். அதற்குப் பிறகு அவள் புதிதாக ஒன்று கிடைத்தால் கடிதத்தோடு சேர்த்து எனக்குச் சொல்லிவிட்டுப் போவாள். பள்ளிக்கூட மைதானத்தில் பந்து விளையாட நட்டிருக்கிற இரண்டு கழிக்குக் கோல் போஸ்ட்டு. திருமயம் ரோட்டில் நெல் லாரியை மறிக்கும் இடத்துக்குச் செக்போஸ்ட்டு. வாத்தியாரை வேறு ஊருக்கு மாற்றினால் போஸ்ட்டிங். கடைசியாக எப்போதும் அந்த ஆஸ்பத்திரிச் சொல்லுக்கு வந்து நிற்பாள். "எல்லாத்துக்கும் ஒரே பேரை வச்சுட்டு, கேட்டா சிரிக்கிறானுக."

சத்தியமூர்த்தி சாரை அவள் விடவில்லை. தெரியாது என்று சொல்ல அவருக்கு வெட்கம். "இங்கிலீஷ்ல அப்படித்தாம்மா" என்று தள்ளிக்கொண்டே வந்தார். ஒரு சனிக்கிழமை நான் கார்டு வாங்கப் போனபோது, அவர் பள்ளிக்கூட அலமாரியிலிருந்து தலையணை மாதிரி ஒரு அகராதியைக் கொண்டுவந்து மேசையில் போட்டிருந்தார். ஓரமெல்லாம் கரையான் தின்றிருந்தது. 'பி' எழுத்துப் பக்கம் எப்படியோ தப்பியிருந்தது. சார் விரலை வைத்துப் படித்துப் படித்துச் சொன்னார். அக்கா மேசைக்கு எதிரே நின்றுகொண்டு, வழக்குக் கேட்பவள் மாதிரி கேட்டாள்.

"இது ஒரு சொல்லே இல்லம்மா. மூணு. பாக்கத்தான் ஒண்ணு. கம்பம் இருக்கே, அது லத்தீன்ல கதவு நிலைக்காலுக்குச் சொன்ன பேருலேர்ந்து வந்தது. நட்டு வச்சது. லைட்டு போஸ்ட்டு, கோல் போஸ்ட்டு எல்லாம் அந்த வகை."

"சரி."

"தபாலு வேற. அந்தக் காலத்துல ராஜா கடுதாசி கொண்டுபோக, ரோட்டுல இத்தனை மைலுக்கு ஒரு ஆளுன்னு குதிரையோட நிறுத்தி வச்சிருப்பாங்களாம். ஒருத்தன் கொண்டாந்ததை அடுத்தவன் வாங்கிக்கிட்டு ஓடுவான். அப்படி வைக்கப்பட்ட இடம், வைக்கப்பட்ட ஆளு. 'வைக்கிறது'ங்கிற சொல்லுலேர்ந்து வந்தது. உத்தியோகத்தைப் போஸ்ட்டுன்னு சொல்றதும் அதுலேர்ந்துதான். செக்போஸ்ட்டும் அப்படித்தான்."

"அப்ப கடுதாசியும் வேலையும் ஒரு வயித்துப் புள்ளைக. கம்பம் வேற வீட்டுது."

"அப்படித்தான் வச்சுக்கயேன்."

"அந்த ஆஸ்பத்திரிது?"

சார் பக்கத்தைப் புரட்டினார். "அது மூணாவது. அதுக்குப் பின்னாலன்னு அர்த்தம். செத்ததுக்குப் பின்னால பாக்குறது. தபாலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

அக்கா தலையை ஆட்டினாள். கண் கலங்குவாள் என்று நினைத்தேன். அவள் பையை எடுத்து மாட்டினாள். "தெரிஞ்சவன் ரெண்டு வார்த்தையில சொல்லியிருக்கலாம். அன்னிக்கே அந்தப் பய சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். வாசலுக்குப் போய்த் திரும்பி, "வைக்கப்பட்ட ஆளுன்னா, என்னையும் இங்க வச்சிருக்கு. சரிதான சார்?" என்று கேட்டாள்.

"தற்காலிகமா" என்றார் சார். அவருக்கு எதையும் சரியாகச் சொல்லியாக வேண்டும்.

1967 தை மாதம் பினாங்கிலிருந்து ஆச்சிக்கு ஒரு ரிஜிஸ்டர் கடிதம் வந்தது. அதை என் கையில் கொடுக்க முடியாது. பெயருக்கு உரியவர் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். அக்கா கம்பத்தைத் தாண்டி நேராக வந்து ஆச்சி வீட்டு வாசற்படிக்குக் கீழே நின்றாள். முதல் தடவையாக.

"ஆச்சி, ரிஜிஸ்டரு வந்திருக்கு. கையெழுத்துப் போடணும்."

உள்ளே மாப்பிள்ளை வீட்டார் வந்துபோவது பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆச்சி என்னிடம், "நாள் நல்லால்ல, நாளைக்கு வரச் சொல்லு" என்றார். மறுநாள் வந்தாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள். ஆறு நாள், ஒரு நாள்கூட விடாமல் வந்து, ஒரே குரலில், ஒரே வார்த்தையைச் சொன்னாள். ஏழாம் நாள் சொன்னாள்: "இன்னியோட கெடு முடியுது ஆச்சி. வாங்குறீகளா, இல்லையா?"

ஆச்சி பட்டாலைத் திண்ணையில் வந்து நின்றார். வெளியே பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார். ஆனால் தெருவே கேட்கும்படி சொன்னார்: "அவ கையால வர்ற கடுதாசி எனக்கு வேண்டாம். வேற ஆளு கொண்டாரட்டும்."

ஆச்சி கெட்ட மனுஷி இல்லை. அவர் தெரிந்தேதான் சொன்னார், ஆனால் ஒன்றைத் தப்பாக நினைத்துவிட்டார். செட்டிமார் கடைகளில் ஒரு ஆள் பிடிக்கவில்லை என்றால், வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். மேலாள் போனால் அடுத்தாள் வருவான். பர்மாவிலும் மலாயாவிலும் அவர்கள் தொழில் அப்படித்தான் நடந்தது. தபாலாபீஸும் ஒரு கடைதானே, இவளை வேண்டாம் என்றால் அதே கடிதத்தை நாளைக்கு வேறொருவன் கொண்டுவருவான் என்று ஆச்சி நம்பியிருந்தார்.

அக்கா கம்பத்தடிக்குப் போய், பையை முழங்காலில் வைத்து, கடிதத்தின் மேல் 'வாங்க மறுத்துவிட்டார்' என்று எழுதினாள். தேதி போட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சாட்சி வேணும் புஷ்பம். நீ கேட்டேல்ல?"

"கேட்டேன்க்கா."

"போட்டா உன் வேலை போயிரும். போடலைன்னா என் வேலை போயிரும். நான் கெஞ்ச மாட்டேன்."

கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணலாகப் போய்விட்டது என்பதுதான் அப்போது எனக்கு வருத்தமாக இருந்தது. சாயந்திரமே ஆச்சி என்னை நிறுத்திவிட்டார். கடிதம் வந்த வழியே பினாங்குக்குத் திரும்பிப் போயிற்று.

கடிதம் பினாங்குக்கே போய்விட்டது தெரிந்ததும் ஆச்சி வீட்டிலிருந்து மேலே புகார் போனது. தெருவில் பதினோரு பேர் கையெழுத்து. 'மங்கல காரியம் நடக்கும் வீடுகளுக்கு இப்படிப்பட்டவரை அனுப்புவது முறையல்ல. முக்கியமான கடிதத்தை வேண்டுமென்றே திருப்பிவிட்டார். உடனே நீக்க வேண்டும்.' அதன் நகல் கைக்கு வந்ததும் சத்தியமூர்த்தி சாருக்கு வியர்த்துவிட்டது. அக்காவிடம், "நீயே விலகிக்கிறேன்னு எழுதிக் குடுத்துருறியா? கௌரவமாப் போயிரும்" என்றார்.

"வைக்கப்பட்டவ தானா எந்திரிச்சுப் போக மாட்டா சார். வச்சவுக வந்து தூக்கட்டும்."

பத்து நாளில் இன்ஸ்பெக்டர் மாயக்கண்ணன் காரைக்குடியிலிருந்து வந்தார். குடையும் ஃபைலுமாகப் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே ஆச்சி வீட்டுக்குத்தான் நடந்தார். பின்னால் சார், அதற்குப் பின்னால் அக்கா. தெருவே கதவிடுக்கில் நின்றது. சாட்சி என்பதால் என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"இந்தம்மா கடிதத்தை உங்க வீட்டுக்குக் கொண்டாந்தாங்களா ஆச்சி?"

"வந்தா."

"எத்தனை நாளு?"

"ஏழு நாளு."

"நீங்க வேண்டாம்னு சொன்னீகளா?"

அந்த இடத்தில் ஆச்சி ஒரு பொய் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அந்த வீட்டுச் சொல்லுக்கு எதிரே என் கோணல் கையெழுத்து எந்த மூலைக்கு? ஆச்சி நிமிர்ந்து நின்றார். காதுத் தோடு ஆடவில்லை. "சொன்னேன். சொன்னதை இல்லைங்கிற பழக்கம் எங்க வீட்டுல இல்லை. ஆனா வேற ஆளைத்தான் கேட்டேன். உங்க ஆபீஸுல வேற ஆளே இல்லையா?"

"இந்த ஊருக்கு இவங்கதான்."

"இவ வரக்கூடாது."

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் நோகாமல் முடிக்கப் பார்த்தார். அக்காவைத் தள்ளிக் கூட்டிப்போய்க் கம்பத்தைக் காட்டினார். "விதிப்படி நீ செஞ்சது சரிம்மா. அதை எழுதிருறேன். ஆனா ஊரோட எதுக்கு மல்லு? இந்தப் போஸ்ட்டுல ஒரு பெட்டியைக் கட்டிருவோம். நீ இந்த இடம் வரைக்கும் வந்து போட்டுட்டுப் போயிரு. அவங்கவங்க வந்து எடுத்துக்கிறட்டும். உனக்கும் நடை மிச்சம்."

சார் உடனே, "நல்ல யோசனை" என்றார்.

"நல்லால்ல சார்" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "இது கம்பம். நட்டு வச்சது. இது இங்கயே நிக்கும், அதான் இதோட வேலை. என் வேலை வாசல் வரைக்கும் போறது. படிக்கு மேல ஏறச் சொன்னீகன்னா ஏற மாட்டேன், அது அவுக வீடு. படிக்குக் கீழ வர வேண்டாம்னா கேக்க மாட்டேன், அது ரோடு. இன்னிக்கு இந்தத் தெருவுக்குப் பெட்டி கட்டுனா நாளைக்கு எல்லாத் தெருவுக்கும் கட்டுவீக. அப்புறம் பெட்டிக்கு எதுக்கு ஒரு பொம்பளைன்னு கேப்பீக. கட்டாதீக. இல்ல, என்னை எடுத்துருங்க. ரெண்டுல ஒண்ணைப் பேப்பர்ல எழுதுங்க."

இன்ஸ்பெக்டர் ஃபைலைப் பிரித்து முழங்கையில் வைத்துக்கொண்டார். பிறகு எழுதினார். 'விதிமுறை மீறப்படவில்லை. தற்காலிக ஏற்பாடு தொடரலாம்.' சார் எட்டிப் பார்த்து அதை உரக்கப் படித்தார்.

மறுநாள் காலை பையோடு வந்த அக்கா, தெருமுனையில் கம்பத்தை இரண்டு தட்டுத் தட்டினாள். நான் வேலையில்லாமல் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். "என்னக்கா இது?" என்று கேட்டேன்.

"கம்பத்துக்கிட்ட சொல்லிட்டுப் போறேன்டி, இனி உங்கிட்ட நிக்க மாட்டேன்னு" என்றாள்.

பங்குனியில் அந்தக் கடிதம் திரும்பவும் வந்தது. அப்பச்சி அதே உறையைப் பெரிய உறைக்குள் போட்டு, மறுபடி ரிஜிஸ்டர் செய்திருந்தார். இந்த முறை ஆச்சி வாசற்படிக்கு வந்தார். முகத்தைப் பக்கத்துச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டே கையை நீட்டினார். அக்கா பேனாவைக் கொடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள். "இங்க, ஆச்சி." அவ்வளவுதான் பேச்சு. சீதையின் கல்யாணம் அந்த வைகாசியில், பேசிய இடத்திலேயே நடந்தது. கல்யாணத்துக்கு வந்த வாழ்த்துக் கடிதங்களை எல்லாம் அக்காதான் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு ஆக்கும் வேலையைச் சத்தியமூர்த்தி சார் வாங்கிக் கொடுத்தார். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். உலை கொதிக்கும் நேரத்தில் ஜன்னல் வழியாகத் தெருமுனை தெரியும்.

இது 1979. விலாசத்துக்குக் கீழே பின்கோடு எழுத வேண்டும் என்று வந்துவிட்டது. இரும்புக் கம்பத்தைப் பிடுங்கிவிட்டு சிமெண்டுக் கம்பம் நட்டிருக்கிறார்கள். அக்கா அதையும் தட்டுகிறாள். ஆச்சி இன்றும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கடிதம் வாங்குகிறார். ஆனால் அக்கா வரும் நேரத்துக்கு முன்பே வாசலுக்கு வந்து நின்றுவிடுகிறார். அக்காவின் பெயருக்கு எதிரே ஆபீஸ் காகிதத்தில் இன்னும் 'தற்காலிகம்' என்றுதான் இருக்கிறது. நிரந்தரமாக்கும் உத்தரவு வரவில்லை. வேறு யாரையும் அந்த இடத்தில் வைக்கவும் இல்லை. நேற்று ஆச்சி வீட்டுக்கு இரண்டு கடிதங்கள் இருந்தன. பதினோரு மணிக்கு அக்கா இரண்டையும் வாசல்வரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.